ஆன்டிகனி நாடகத்தை எப்படி படிக்கிறது: கிரியோன் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க

சோஃபோக்ளீஸ் எழுதின பழைய கிரேக்க நாடகம் ஆன்டிகனியை கையில எடுக்கிற பாதிப்பேரு பத்து பக்கத்துலயே முடிவு பண்ணிடுறாங்க, பொண்ணு நல்லவ, ராஜா கெட்டவன், சட்டம் தப்பு, மனசாட்சி சரி, அவ்ளோதான். நானும் காலேஜ்ல அப்படித்தான் படிச்சேன். ரொம்ப வருஷம் கழிச்சு எங்க சொந்தத்துல ஒரு சாவு, யாரு கொள்ளி போடுறதுன்னு பிணத்தை வாசல்ல வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் பேசினாங்க, ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு, ஆனா ஒருத்தரும் அடுத்தவங்க பேசினதை காதுல வாங்கல. அன்னைக்கு ராத்திரி திரும்ப இந்த நாடகத்தை எடுத்தேன், அது வேற நாடகமா தெரிஞ்சுது. அப்புறம் அஞ்சாறு தடவை படிச்சுட்டேன், நண்பர்களோட உக்காந்து சத்தமாவும் படிச்சோம். அதுல எனக்கு உதவின வழியை இங்க எழுதுறேன், மொத தடவை படிக்கிறவங்களுக்கும், ஒரு தடவை படிச்சுட்டு "இதுல என்ன பெருசா இருக்கு"னு நினைச்சவங்களுக்கும்.

முதல்ல கதை, ஏன்னா அன்னைக்கு ஏதென்ஸ்ல நாடகம் பாக்க வந்தவனுக்கு கதை முன்னாடியே தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும், முடிவு தெரிஞ்சா சுவாரஸ்யம் போயிடும்ங்கிற கவலையே இங்க வேண்டாம். தீப்ஸ்னு ஒரு ஊரு. பழைய ராஜா ஈடிபஸோட ரெண்டு பசங்க, எட்டியோக்ளீஸ் ஆட்சியில இருக்கான், பாலினைசீஸ் ஆர்கோஸ் படையை கூட்டிட்டு வந்து சொந்த ஊரோட ஏழு வாசலையும் தாக்குறான், கடைசியில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கிட்டு சாகுறாங்க. அவங்க தாய்மாமன் கிரியோன் ராஜா ஆகுறாரு. ஊரைக் காத்தவனுக்கு முழு மரியாதையோட அடக்கம், தாக்க வந்தவன் உடம்பு நாய்க்கும் பறவைக்கும், யாராவது மண்ணு போட்டா ஊர் நடுவுல கல்லால அடிச்சுக் கொல்லுவோம்னு அறிவிக்கிறாரு. தங்கச்சி ஆன்டிகனி மண்ணு போடுறா. அவளுக்கு நிச்சயம் ஆன மாப்பிள்ளை ஹீமோன், கிரியோனோட சொந்த மகன். மாமன் மகனுக்கு நிச்சயம் ஆன பொண்ணை அந்த மாமனே சாகடிக்கிறாருன்னு நம்ம உறவுமுறையில சொல்லிப் பாருங்க, இங்கிலீஷ்ல அங்கிள்னு படிக்கிறப்போ வராத கனம் வரும்.

புத்தகம் வாங்குறப்போ ஒண்ணு மட்டும் பாருங்க, ஓரத்துல வரி எண் இருக்கணும். மொத்தம் 1353 வரி, எந்த பதிப்பா இருந்தாலும் எண் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால ரெண்டு மொழிபெயர்ப்பை பக்கத்துல வெச்சு ஒப்பிடலாம். ரிச்சர்ட் ஜெப் செஞ்ச பழைய இங்கிலீஷ் உரைநடை நெட்ல இலவசமா கிடைக்குது, கொஞ்சம் பழைய நடை, ஆனா மூலத்தை ஒட்டி நிக்கும். ரெண்டு நாள் ஒதுக்குங்க. மொத நாள் 630-வது வரி வரைக்கும், அதாவது ஹீமோன் உள்ள வர்ற இடம் வரைக்கும். மறுநாள் மீதி. ஒரே மூச்சுல படிச்சா ஹீமோன் காட்சிக்குள்ள களைச்சுப் போய் நுழைவீங்க, அந்த காட்சிக்கு அது அநியாயம்.

இப்போ முக்கியமான விஷயம். 162-வது வரியில கிரியோன் வர்றாரு, 210 வரைக்கும் ஒரு நீண்ட பேச்சு. அதை இவர் வில்லன்னு நினைச்சு படிக்காதீங்க, இவருக்கு நான் ஓட்டு போடுவேனான்னு கேட்டுக்கிட்டு படிங்க. போர் முடிஞ்சு ஒரு ராத்திரிதான் ஆகுது. ஒரு ஆளோட குணமும் அறிவும் ஆட்சியில உக்காந்தாதான் தெரியும், நாட்டை விட நண்பன் பெருசுன்னு நினைக்கிறவனை நான் மதிக்கிறதே இல்ல, இந்த ஊருங்கிற கப்பல் நேரா போனாதான் நமக்கு நட்பே உண்டுன்னு சொல்றாரு. இதுல எந்த வரி தப்பு? கி.மு. 343-ல ஏதென்ஸ் அரசியல்வாதி டெமாஸ்தனீஸ், எதிரி ஏஸ்கினீஸ் மேல வழக்கு பேசுறப்போ, இந்தப் பேச்சை நீதிமன்றத்துல வாசிக்க வெச்சாரு, ஒரு தலைவன் எப்படி நினைக்கணும்ங்கிறதுக்கு உதாரணமா. ஏஸ்கினீஸ் முன்னாடி நடிகரா இருந்தவர், கிரியோன் வேஷம் கட்டினவர், மேடையில இந்த வரிகளை பேசிட்டு நிஜத்துல மறந்துட்டியேங்கிறதுதான் டெமாஸ்தனீஸ் வெச்ச குத்து. நாடகம் வந்து நூறு வருஷம் ஆகுறப்போவும் அந்தப் பேச்சு அவங்களுக்கு நல்ல பேச்சாவே கேட்டிருக்கு.

துரோகிக்கு அடக்கம் இல்லைங்கிறதும் அவங்களுக்கு புதுசு கிடையாது. ஏதென்ஸ்ல துரோகம்னு தீர்ப்பான ஆளை அட்டிகா மண்ணுல, அதாவது ஏதென்ஸும் அதைச் சுத்தின பகுதியும், புதைக்க அனுமதி இல்ல. சலாமிஸ் போர்ல ஊரைக் காப்பாத்தின தெமிஸ்டோக்ளீஸுக்கே அந்த கதி, அவரோட எலும்பை சொந்தக்காரங்க ரகசியமா கொண்டு வந்து புதைச்சதா சொல்லிக்கிட்டாங்கன்னு அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்காரு. அப்போ கிரியோன் எங்க வழுக்குறாரு? அந்தச் சட்டம் சொல்றது எங்க மண்ணுல வேண்டாம்னுதான், எல்லைக்கு வெளிய கொண்டு போய் குடும்பம் அடக்கம் பண்ணிக்கலாம். கிரியோன் உடம்பை எல்லை தாண்டி விடல, ஊர் ஓரத்துலயே போட்டு, காவல் போட்டு, அழுகுறதை எல்லாரும் பாக்கணும்னு வெச்சிருக்காரு. தண்டனை எந்த இடத்துல வெறியா மாறுதுன்னு நீங்களே அந்த கோட்டை தேடுங்க, அதுதான் மொத நாளோட வேலை.

படிக்கிறப்போ பென்சில் வெச்சுக்கோங்க. சட்டம், அறிவிப்பு, இந்த ரெண்டு சொல்லும் வர்ற இடத்தை எல்லாம் குறிங்க. கிரேக்கத்துல நோமோஸ்னா சட்டம், ஆனா வழக்கம், மரபு, ஊர் ஏத்துக்கிட்ட முறை எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள்ள அடங்கும். கெரிக்மான்னா தண்டோரா, ஆள் விட்டு அறிவிக்கிறது. 449-ல கிரியோன் கேக்குறாரு, இந்த நோமோஸையா மீறத் துணிஞ்சேன்னு. ஆன்டிகனி பதில் சொல்றப்போ அந்த சொல்லை அவருக்கு விட்டுக் கொடுக்கவே இல்ல, இதை அறிவிச்சது ஜீயஸ் இல்லையே, உன் தண்டோராவுக்கு கடவுளோட எழுதாத மாறாத முறைகளை மிஞ்சுற பலம் இருக்குன்னு நான் நினைக்கல, அது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, எப்போ வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்றா. ஒரே சொல்லை இழுத்துக்கிட்டு நடக்கிற சண்டை அது, மொழிபெயர்ப்புல ரெண்டு இடத்துலயும் சட்டம்னு போட்டுட்டா கண்ணுக்கே தெரியாம போயிடும். எழுதின சட்டம் உனக்கு எதிரா இருந்தா பொது நியாயத்தை காட்டி வாதாடுன்னு அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பத்தி எழுதினப்போ இந்த வரிகளைத்தான் எடுத்துக்காட்டா வெச்சாரு. இந்த நோமோஸ்ங்கிற சொல்லை நாடகம் முடியுற வரைக்கும் விடாம பின்தொடருங்க, 1113-ல அது யார் வாயில வருதுன்னு பாத்தீங்கன்னா உங்களுக்கே திக்குனு இருக்கும், நான் அங்க வர்றப்போ சொல்றேன்.

அகம்பாவம் பத்தி. கிரேக்க நாடகம்னாலே ஹூப்ரிஸ், ஹூப்ரிஸ்னா தலைக்கனம், தலைக்கனம் பிடிச்சவன் விழுவான்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்க. அதை ஓரமா வெச்சுடுங்க. ஏதென்ஸ்ல ஹூப்ரிஸ்ங்கிறது நிஜமான குற்றம், வழக்கு போடலாம், ஒருத்தனை அடிச்சோ அசிங்கப்படுத்தியோ அவன் மானத்தை மிதிச்சு அதுல சந்தோஷம் காண்றதுக்குத்தான் அந்தப் பேரு. இந்த நாடகத்துல அந்த சொல்லை கிரியோன் ஆன்டிகனி மேலதான் வீசுறாரு, 480-ல, ரெண்டு தடவை ஹூப்ரிஸ் பண்ணிட்டா, சட்டத்தை மீறினது ஒண்ணு, மீறிட்டு பெருமையா சிரிக்கிறது இன்னொண்ணுன்னு. யாருக்கு திமிருன்னு நாம தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடியே கதாபாத்திரங்க ஒருத்தர் மேல ஒருத்தர் அந்த முத்திரையை குத்திக்கிறாங்க. அதனால நீங்க வேற ஒண்ணை தேடுங்க, வளையாம நிக்கிறதைப் பத்தின உவமைகளை. கிரியோன் அவளைப் பாத்து சொல்றாரு, நெருப்புல ரொம்ப காய்ச்சி இறுகின இரும்புதான் சீக்கிரம் உடையும்னு. சரியான பேச்சு. இருநூறு வரி கழிச்சு மகன் அதையே அப்பாவுக்கு திருப்பிக் கொடுக்கிறான், வெள்ளத்துல வளைஞ்சு கொடுக்கிற மரம் கிளையோட தப்பிக்கும், எதுத்து நிக்கிற மரம் வேரோட போகும், பாய்க்கயித்தை தளர்த்தாம இழுத்துக் கட்டினவன் கப்பல் கவுந்து அடிப்பக்கம் மேல வெச்சு மிதக்கும்னு. கப்பல்! ஆரம்பத்துல ஊரை நேரா ஓட்டுறேன்னு கிரியோன் கொண்டு வந்த அதே கப்பல். சோஃபோக்ளீஸ் ஒரு சாமானையும் வீணா மேடைக்கு கொண்டு வரமாட்டாரு.

ஆன்டிகனிக்கும் இதே அளவுகோல் வைங்க, சலுகை குடுக்காதீங்க. மொத காட்சியில அவ தங்கச்சி இஸ்மீனி பயப்படுறா, நாம பொண்ணுங்க, பலம் உள்ளவங்க கிட்ட மோத முடியாது, செத்தவங்க நம்மளை மன்னிப்பாங்கன்னு சொல்றா. சரி, யார்கிட்டயும் சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன்னு தங்கச்சி கெஞ்சுறப்போ அக்கா சொல்றது, ஊருக்கெல்லாம் சொல்லு, சொல்லாம இருந்தா இன்னும் வெறுப்பேன்னு. பின்னாடி இஸ்மீனி மனசு மாறி உன்கூட நானும் சாகுறேன்னு வந்து நிக்கிறா, ஆன்டிகனி அவளை கிட்ட சேக்கல. வெறுப்புல சேர நான் பிறக்கல, அன்புல சேரத்தான் பிறந்தேன்னு 523-ல அவ்ளோ அழகா சொன்னவ, இருபது வரி தாண்டுறதுக்குள்ள உயிரோட இருக்கிற தங்கச்சியை தள்ளி விடுறா. எனக்கு ஆன்டிகனியை பிடிக்கும், அவ செஞ்சது சரிதான்னு முழுசா நம்புறேன், அதனாலதான் அந்த இடம் ஒவ்வொரு தடவையும் வலிக்குது. தன் சட்டத்தை தானே வகுத்துக்கிட்டு போறவன்னு கோரஸ், அதாவது ஊர்ப் பெரியவங்களா மேடையில நின்னு பாடுற கூட்டம், 821-ல அவளை சொல்றது பாராட்டா குத்தமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கலாம்.

ரெண்டாவது நாள், ஹீமோன் காட்சி. இதை வாய்விட்டு படிங்க, முடிஞ்சா ரெண்டு பேரா. மூணு பேரு கிடைச்சா முழு நாடகத்தையே படிக்கலாம், ஏன்னா மேடையில நடிச்சதே மூணு ஆம்பளைங்கதான், முகமூடியை மாத்தி மாத்தி போட்டுக்கிட்டு எல்லா வேஷமும் அவங்களே, கூட 15 பேர் கோரஸ். ஹீமோன் ஆரம்பிக்கிற விதத்தை கவனிங்க, அப்பா நான் உங்க பிள்ளைன்னு பணிவா ஆரம்பிக்கிறான், ஊர்ல மறைவுல என்ன பேசிக்கிறாங்கன்னு சொல்றான், அந்தப் பொண்ணுக்காக ஊரே அழுது, உங்க முகத்துக்கு பயந்து வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்கன்னு. ரெண்டு பேரும் நல்லா பேசினீங்க, ஒருத்தர் கிட்ட ஒருத்தர் கத்துக்கோங்கன்னு கோரஸ் சொல்லுது. அங்க இருந்து ஒரு வரி அவரு, ஒரு வரி இவன்னு வேகம் எடுக்கும். இந்த வயசுல இவன் வயசுக்காரன் கிட்ட நான் பாடம் படிக்கணுமா? நியாயமா இருந்தா படிங்க, வயசைப் பாக்காதீங்க. ஒரே ஆளுக்கு சொந்தம்னா அது ஊரே இல்ல. ஊரு ஆளுறவனுக்கு சொந்தம் இல்லையா? அப்போ ஆள் இல்லாத பாலைவனத்துல நீங்க தனியா நல்லா ஆளலாம். எங்க நண்பர் ஒருத்தர், ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பா, கிரியோன் பாகத்தை படிச்சவர் இந்த இடத்துல நிறுத்திட்டாரு, கொஞ்ச நேரம் படிக்கவே இல்ல. கப்பல், நாடு, ஒழுங்குன்னு ஆரம்பிச்ச மனுஷன் இங்க வந்து, நீ பொம்பளைக்கு அடிமை, உன் கண்ணு முன்னாடியே அவளைக் கொல்றேன்னு முடிக்கிறாரு. சட்டம் எப்போ தன்மானமா மாறுச்சுன்னு கேட்டா நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். இது முடிஞ்ச உடனே அவரு தண்டனையை மாத்துறதையும் கவனிங்க, கல்லால அடிக்கிறது போச்சு, கொஞ்சம் சாப்பாடு வெச்சு குகைக்குள்ள உயிரோட அடைக்கிறது, ஏன்னா அப்போ ஊருக்கு பாவம் ஒட்டாதாம்.

904-ல இருந்து 920 வரைக்கும் ஒரு பகுதி இருக்கு, நிறைய பேரு குழம்பி தாண்டிப் போவாங்க, தாண்டாதீங்க. புருஷனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதை செஞ்சிருக்க மாட்டேன், புருஷன் போனா வேற புருஷன், பிள்ளை போனா வேற பிள்ளை, அப்பா அம்மா செத்துட்டாங்க, இனி எனக்கு அண்ணன் பிறக்கவே முடியாதுன்னு ஆன்டிகனி சொல்றா. எழுதாத சட்டம் எல்லாருக்கும்னு சொன்னவ இப்போ அண்ணனுக்கு மட்டும்னு கணக்கு போடுறாளேன்னு ஜெர்மன் கவிஞர் கோத்தேவுக்கு பொறுக்கல, இது சோஃபோக்ளீஸ் எழுதினது இல்லன்னு யாராவது நிரூபிச்சா நல்லா இருக்கும்னு 1827-ல சொன்னாரு. ஆனா அரிஸ்டாட்டில் இந்த வரிகளை எடுத்தாண்டிருக்காரு, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்ல இன்டஃபிரனீஸ்ங்கிறவனோட மனைவி பாரசீக ராஜா கிட்ட இதே காரணத்தை சொல்ற கதையும் இருக்கு. எனக்கு என்ன தோணுதுன்னா, சாவு பக்கத்துல வந்துடுச்சு, கடவுளும் ஒண்ணும் அனுப்பல, அப்போ கொள்கையை எல்லாம் தாண்டி அவ மனசு போய் பிடிச்சுக்கிறது அண்ணனைத்தான். கொள்கைக்காக செத்தவங்க சாகுற நேரத்துல பேசினது கொள்கையாவே இருக்கணும்னு இல்லையே.

மனசாட்சிங்கிற சொல்லை நான் இதுவரைக்கும் கிட்டத்தட்ட தொடவே இல்ல, வேணும்னேதான். நாம மனசாட்சின்னு சொல்றப்போ உள்ள உக்காந்திருக்கிற ஒரு சாட்சியை நினைக்கிறோம். ஆன்டிகனி ஒரு தடவை கூட என் உள் மனசு சொல்லுதுன்னு சொல்லல, கீழுலகத்து கடவுள், செத்த சொந்தம், அவங்க கூட நான் படுத்திருக்கப் போற காலம்தான் நீளம், இதுதான் அவ பேச்சு. நாம நினைக்கிறதுக்கு நெருக்கமா ஒரு சொல் வேணும்னா யூரிபிடீஸோட ஒரெஸ்டீஸ் நாடகத்துக்கு போகணும், கி.மு. 408. அம்மாவைக் கொன்னுட்டு கிடக்கிற ஒரெஸ்டீஸை உன்னை எந்த நோய் அரிக்குதுன்னு கேக்குறாங்க, சினெசிஸ்ங்கிறான், நான் கொடுமை செஞ்சேன்னு எனக்கே தெரியுது, அந்த அறிவுதான் நோய்னு. அந்த நோய் ஆன்டிகனி நாடகத்துல கடைசியில யாருக்கு வருதுன்னா கிரியோனுக்கு. நான்தான் கொன்னேன், வேற யாரும் இல்லன்னு 1319-ல சொல்றவர் அவர்தான். அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு சின்ன ஆளுக்கும் அது லேசா எட்டிப் பாக்கும், ஆன்டிகனியைப் பிடிச்சுக் கொண்டு வர்ற காவலாளி, தான் தப்பிச்சது சந்தோஷம், தெரிஞ்சவங்களை மாட்டி விட்டது வருத்தம், இருந்தாலும் என் உயிர்தான் எனக்கு முக்கியம்னு ஒளிவு மறைவு இல்லாம சொல்லிட்டுப் போறான்.

கடைசிப் பகுதிக்கு வந்தாச்சு. குருட்டு சாமியார் டைரீசியஸ் வர்றாரு, பலிபீடம் எல்லாம் நாயும் பறவையும் கொண்டு வந்து போட்ட பிணத்துண்டு, பலி எரிய மாட்டேங்குது, தப்பு எல்லாரும் பண்றதுதான், திருத்திக்கோன்னு சொல்றாரு. நீ காசு வாங்கிட்டு பேசுறேன்னு கிரியோன் கத்துறாரு, மேல இருக்க வேண்டியவளை கீழ அடைச்சே, கீழ போக வேண்டியவனை மேல வெச்சிருக்கே, பிணத்துக்கு பிணம் குடுப்பேன்னு சொல்லிட்டு அவர் போயிடுறாரு. இப்போ 1099-வது வரி. நான் என்ன செய்யணும், சொல்லுங்க, கேக்குறேன். நாடகம் முழுக்க யாரையும் இப்படி கேக்காத ஆளு மொத தடவை கேக்குறாரு. கோரஸ் வரிசையோட சொல்லுது, முதல்ல பொண்ணை குகையில இருந்து விடு, அப்புறம் பிணத்துக்கு சமாதி கட்டு. கிளம்புறப்போ அவரு சொல்றது, நிலைச்ச நோமோஸை சாகுற வரைக்கும் காப்பாத்துறதுதான் நல்லதோன்னு பயமா இருக்குன்னு. நான் சொன்ன 1113 இதுதான், அவ சொல் இப்போ அவர் வாயில இருக்கு, அவ குகைக்குள்ள இருக்கா.

அப்புறம் தூதன் சொல்றதை விரல் வெச்சு படிங்க, வரிசை மாறியிருக்கும். முதல்ல பிணத்துக்கிட்ட போறாங்க, கழுவுறாங்க, எரிக்கிறாங்க, சொந்த மண்ணுல மேடு எழுப்புறாங்க, அதுக்கு அப்புறம்தான் குகை. உள்ள அவ தூக்குல தொங்குறா, ஹீமோன் அவ இடுப்பைக் கட்டிக்கிட்டு அழறான், அப்பா முகத்துல துப்புறான், கத்தியை வீசுறான், தப்பிடுது, தன் விலாவுலயே இறக்கிக்கிறான். பிணத்துக்கிட்ட செலவான நேரம்தான் ரெண்டு உயிருன்னு நாடகம் எங்கயும் சொல்லல, நான் அப்படித்தான் படிக்கிறேன், அவரு முறையை சரி பண்ண ஓடினாரு, உயிரோட இருந்தவளுக்காக ஓடல. இதையெல்லாம் கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம உள்ள போறா அவன் அம்மா யூரிடிஸ், அந்த அமைதிதான் பயமா இருக்குன்னு கோரஸ் சொல்லும், திரும்ப பிணமாத்தான் வருவா. இஸ்மீனி என்ன ஆனா? ராஜ குடும்பத்துல கடைசி ஆள் நான்தான்னு ஆன்டிகனி சொல்லிட்டுப் போறா, தங்கச்சி உயிரோட இருக்கிறப்போவே. அதுக்கப்புறம் ஒருத்தரும் அவ பேரை எடுக்கல.

முடிச்சதும் மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு பாருங்க, முன்னாடி பாக்காதீங்க. ரெண்டு பக்கமும் நியாயம், ரெண்டும் முழுசா இல்ல, மோதி உடையுதுன்னு ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் சொன்னதுல இருந்துதான் இன்னைக்கு வரைக்கும் எல்லா சண்டையும் நடக்குது. எனக்கு அது முக்கால்வாசிதான் சரி, ஏன்னா கடவுளோட ஆளா வர்ற டைரீசியஸ் கிரியோனுக்கு ஆதரவா ஒரு வார்த்தையும் பேசல. ராபன் தீவு ஜெயில்ல கைதிங்க இந்த நாடகத்தை போட்டப்போ நெல்சன் மண்டேலா எடுத்துக்கிட்டது கிரியோன் வேஷம், அதை நினைச்சுக்கிட்டு அந்த மொத பேச்சை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க.

அடுத்து என்ன படிக்கிறதுன்னா சோஃபோக்ளீஸோட ரெண்டு ஈடிபஸ் நாடகங்களுக்கு போகாதீங்க, அது காத்திருக்கும், மூணும் ஒரே தொடரும் கிடையாது, ஆன்டிகனி கி.மு. 441 வாக்குல வந்தது, மத்த ரெண்டும் பல வருஷம் கழிச்சு. ஃபிலொக்டீடீஸ் எடுங்க, கி.மு. 409, சோஃபோக்ளீஸ் எண்பது வயசைத் தாண்டி எழுதி மொத பரிசு வாங்கினது. பாம்பு கடிச்ச காலோட லெம்னோஸ் தீவுல தனியா விடப்பட்ட ஒரு ஆள், அவன்கிட்ட ஹெராக்ளீஸோட வில்லு, அதை ஏமாத்தி வாங்கிட்டு வான்னு ஒடிசியஸ் ஒரு இளவட்டத்தை அனுப்புறான், நியோப்டாலமஸ். அவனும் பொய் சொல்லி வாங்கிடுறான். அப்புறம் நான் என்ன செய்வேன்னு கேக்க ஆரம்பிக்கிறான், 895-ல ஒரு தடவை, 908-ல, 969-ல, 974-ல திரும்பவும். அந்த நாலு வரியையும் பென்சிலால சுத்தி வைங்க, பக்கத்துலயே ஆன்டிகனியோட 1099-ஐ எழுதி வைங்க. கிரியோன் கேக்குறப்போ குகை வாசல்ல கல்லு அடுக்கி முடிஞ்சிருக்கு. இவன் கேக்குறப்போ வில்லு இன்னும் இவன் கையிலதான் இருக்கு.